நான்கு நாள் கழித்து எழுதிய கடிதம்

பள்ளியில் வினாடி வினா அணிக்குப் பொறுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில் நான் எழுதிச் சேர்த்த அட்டைகள் ஒரு பழைய காலணிப் பெட்டி நிறைய இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இப்படி இருக்கிறது: "அமெரிக்கச் செனட் அவையின் முதல் கறுப்பின உறுப்பினர் யார்? விடை: ஹைரம் ரோட்ஸ் ரெவெல்ஸ், மிசிசிப்பி, 1870." அதன் கீழே, மாணவர்களுக்கு ஒரு சுவைக்காக, சிவப்பு மையில் ஒரு வரி: "கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் அமர்ந்திருந்த அதே இருக்கை." (அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு அது.) பதினைந்து ஆண்டுகள் அந்த அட்டையை வைத்து மாணவர்களைத் தயார் செய்தேன். சென்ற ஆண்டு, அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், பிப்ரவரி மாதக் கறுப்பின வரலாற்றுப் பாடத்துக்காக இதே ரெவெல்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்று காணொளி அழைப்பில் கேட்டபோது, தெரியும் என்று சற்றுப் பெருமையோடே சொன்னேன். அடுத்த மூன்று வாரங்களில் அந்தப் பெருமை கரைந்தது. சிவப்பு மை வரி தவறு என்பது முதலில் தெரிந்தது. டேவிஸின் இருக்கைக்கு வந்தவர் அடெல்பர்ட் ஏம்ஸ் என்ற வெள்ளைக்காரப் படைத்தளபதி. ரெவெல்ஸ் பெற்றது அதே மாநிலத்தின் இன்னொரு இடம், 1861இல் ஆல்பர்ட் பிரவுன் விட்டுச் சென்றது. இது சிறிய பிழை, அழித்து எழுதிவிடலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. 1875 நவம்பர் 6ஆம் தேதி அந்த மனிதர் குடியரசுத் தலைவர் கிராண்டுக்கு எழுதிய ஒரு கடிதம்.

கடிதத்துக்கு வருமுன் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினாடி வினா அட்டைகள் அவரை ஓராண்டு மனிதராக ஆக்கிவிட்டன. செனட்டில் அவர் இருந்தது 1870 பிப்ரவரி 25 முதல் 1871 மார்ச் 3 வரை மட்டுமே. அவருடைய வாழ்வின் பெரும்பகுதி மெதடிஸ்டுத் திருச்சபையின் பிரசங்கபீடத்திலும் பள்ளிக்கூடத்திலும் கழிந்தது. வட கரோலினாவில் ஃபயட்வில் என்ற ஊரில், அடிமை அல்லாத கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் அண்ணனின் கடையில் முடிதிருத்தும் தொழில் கற்றார். பிறகு வடக்கே போய், குவேக்கர் சபையார் நடத்திய பள்ளியில் படித்து, 1845இல் ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோபல் சபையின் போதகரானார். கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்திருந்த மிசௌரி மாநிலத்தில், அவர்களுக்குச் சுவிசேஷம் சொன்னதற்காக 1854இல் சிறையில் அடைக்கப்பட்டார். உள்நாட்டுப் போர் வந்தபோது மேரிலாண்டிலும் மிசௌரியிலும் கறுப்பினப் படைப்பிரிவுகளுக்கு ஆள் திரட்டினார். செயின்ட் லூயிஸில் விடுதலை பெற்றவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். விக்ஸ்பர்க்கில் படைவீரர்களுக்குப் போதகராக இருந்தார். போர் முடிந்தபின் வடக்கத்திய மெதடிஸ்டு எபிஸ்கோபல் திருச்சபையில் சேர்ந்து, 1866இல் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாட்செஸ் நகரில் நிலைகொண்டார்.

அரசியலுக்கு அவர் தாமாகப் போனவர் அல்லர். நகரமன்றத்தில் அவரை 1868இல் நியமித்தவர் அப்போது அந்த மாநிலத்தின் இராணுவ ஆளுநராக இருந்த அதே ஏம்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1870 ஜனவரியில் அவை கூடியபோது தொடக்க ஜெபம் செய்யும்படி அவரிடம் கேட்டார்கள். அந்த ஒரு ஜெபம்தான் அவரை அமெரிக்கச் செனட்டர் ஆக்கியது என்று, அப்போது அவருடைய இளைய சகாவாக இருந்த ஜான் ஆர். லின்ச் பிற்காலத்தில் எழுதினார். 81 வாக்குகளுக்கு 15 என்ற கணக்கில் அவரைத் தேர்ந்து அனுப்பினார்கள். வாஷிங்டனில், 'இவர் ஒன்பது ஆண்டுகள் குடிமகனாக இருந்தவரா?' என்று எதிர்ப்பாளர்கள் வாதாடினார்கள். கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர் என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1868இல்தான் அரசியல் சட்டத் திருத்தம் அதை மாற்றியது. ஆகவே இவர் குடிமகனாகி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை என்பது அவர்களுடைய கணக்கு. 48க்கு 8 என்று அந்தக் கணக்கு தோற்றது. தியோடர் காஃப்மன் தீட்டிய அவருடைய ஓவியத்தைப் பாஸ்டனில் லூயி பிராங் வண்ணப்படமாக அச்சிட்டபோது, ஃபிரெடரிக் டக்ளஸ் அதைப் பாராட்டி எழுதினார்: எங்களைக் குரங்குகளாகவே வரைந்து காட்டும் உலகில் இப்படி ஒரு விதிவிலக்கு கிடைத்தது எங்கள் நற்பேறு என்னும் பொருளில். என் பேரனின் வரைபடத் தாளின் நடுவில் இருந்ததும் அந்தப் படம்தான்.

ஆற்றங்கரைக் கல்லூரி

பதவிக்காலம் முடிந்ததும் அவர் ஊர் திரும்பிச் செய்தது எனக்கு இன்றும் பிடித்த பகுதி. கிளேபோர்ன் வட்டாரத்தில் ஓக்லாண்ட் கல்லூரி என்று ஒன்று இருந்தது. தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்காகப் பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1830இல் நிறுவியது. அதன் கட்டடங்கள் அடிமைகளின் உழைப்பில் எழுந்தவை. அதன் நிறுவனத் தலைவர் ஜெரமையா சேம்பர்லேன், நாடு பிரியக்கூடாது என்ற கருத்துக்காக 1851இல் உள்ளூர்க்காரர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். போரில் கல்லூரி மூடப்பட்டது, பிறகு எழவில்லை. 1871இல் மிசிசிப்பி அரசு அந்த இடத்தை வாங்கி, கறுப்பின இளைஞர்களுக்கான கல்லூரியாக்கி, அப்போதைய ஆளுநர் ஜேம்ஸ் ஆல்கார்னின் பெயரால் ஆல்கார்ன் பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டி, ரெவெல்ஸை முதல் தலைவராக நியமித்தது. ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் பத்தாண்டுகளுக்குத் தருவதாகச் சட்டம் செய்தார்கள். தகப்பன் தூக்கிவைத்த செங்கல்லின் நிழலில் மகன் உட்கார்ந்து இலக்கணம் படித்தான் என்று நான் பேரனிடம் சொன்னபோது, அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான். சில பையன்களுக்காவது அது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்திருக்கும்.

அரசு தரும் பணத்தில் பள்ளி நடத்துபவனின் நிலைமை, உதவிபெறும் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் வேலை பார்த்த எனக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாதது. ஆளுநர் மாறினால் தலைவரும் மாறலாம். 1873 தேர்தலில் ஆல்கார்னும் ஏம்ஸும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றார்கள். அடிமைமுறையை ஒழித்த, ரெவெல்ஸும் சேர்ந்திருந்த, ஒரே குடியரசுக் கட்சியின் இரண்டு கிளைகள். ரெவெல்ஸ் ஆல்கார்ன் பக்கம் நின்றார். ஏம்ஸ் வென்றார். 1874 கோடையில் ரெவெல்ஸ் கல்லூரியை விட்டு வெளியேற்றப்பட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நகரமன்றத்தில் நியமித்த கைதான் இப்போது கல்லூரியிலிருந்து நீக்கியது. அவர் வடக்கே ஹாலி ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு மெதடிஸ்டுச் சபைக்குப் போதகராகப் போனார்.

அந்த நவம்பர்

பிறகு 1875 வந்தது. அந்த ஆண்டைப் பற்றிப் படிப்பது எளிதன்று. முந்தைய டிசம்பரிலேயே விக்ஸ்பர்க்கில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி கிளின்டன் என்ற ஊரில் குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு. அதன்பின் சில நாட்கள் ஆயுதமேந்திய வெள்ளையர்கள் சுற்றுவட்டாரத்தில் கறுப்பினத்தவரைத் தேடித் தேடிக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் தலைநகர் ஜாக்சனுக்கு ஓடினார்கள். ஆளுநர் ஏம்ஸ் படை கேட்டு வாஷிங்டனுக்கு எழுதினார். தெற்கில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எழும் இந்தக் கலவரங்களால் பொதுமக்கள் சலித்துப்போய்விட்டார்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. நவம்பர் 2ஆம் தேதி தேர்தல். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த யாஸூ வட்டாரத்தில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குகள் ஏழு. ஏழாயிரம் அல்ல, ஏழு. பழைய எசமானர்களின் கட்சியான ஜனநாயகக் கட்சி மாநிலத்தைக் கைப்பற்றியது.

நான்கு நாள் கழித்து, ஹாலி ஸ்பிரிங்ஸிலிருந்து ரெவெல்ஸ் பேனாவை எடுத்தார். என் மக்களை, கொள்கையற்ற பிழைப்புவாதிகள் மனத்தளவில் அடிமைகளாக்கி வைத்திருந்தார்கள் என்று எழுதினார். ஊழல்பேர்வழி என்று ஊரறிந்தவர்களை வேட்பாளர்களாக நிறுத்திவிட்டு, குடியரசுக் கட்சி பிழைக்க வேண்டுமென்றால் இவர்களுக்கு வாக்களித்தே ஆக வேண்டும் என்று மிரட்டினார்கள் என்றார். அதனால்தான் நல்லவர்கள் எதிர்க்கட்சியோடு சேர்ந்து இவர்களைத் தோற்கடித்தார்கள் என்றார். அதோடு, போர் விளைத்த கசப்பும் பகையும், ஒருசில இடங்கள் நீங்கலாக, இந்த மாநிலத்தில் துடைத்தழிக்கப்பட்டுவிட்டன என்றார். அதைத் தங்கள் ஆதாயத்துக்காக உயிரோடு வைத்திருப்பவர்கள் சிலரே என்றும் எழுதினார். செய்தித்தாள்கள் அதை எடுத்துப் போட்டன. வென்றவர்களுக்கு இதைவிட மேலான சான்று வேறென்ன வேண்டும்? மறு ஆண்டு செனட்டின் விசாரணைக் குழு மிசிசிப்பித் தேர்தல் வன்முறையைப் பற்றி ஏராளமான சாட்சியங்களைத் திரட்டியபோதும், அவர் ஏறத்தாழ அதே நிலையில்தான் நின்றார். 1876 மார்ச்சில் ஏம்ஸ் பதவி விலகினார். அந்தக் கோடையில் புதிய ஆளுநர் ரெவெல்ஸை ஆல்கார்ன் கல்லூரித் தலைவராக மீண்டும் அமர்த்தினார்.

முதலில் படித்தபோது எனக்கு வந்தது கோபம். தேதிகளை வரிசையாக வைத்தால் கதை தானாகவே எழுதிக்கொள்கிறது: 1874இல் நீக்கம், 1875இல் கடிதம், 1876இல் பதவி. விற்றுவிட்டார் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்த விடையில் எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அவருடைய பழைய பேச்சுகளைப் புரட்டியபோது கடிதத்தின் குரல் அங்கேயே கேட்டது. 1870 மார்ச் 16இல் செனட்டில் அவர் பேசிய முதல் பேச்சு ஜார்ஜியாவைப் பற்றியது. தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பின உறுப்பினர்களை அந்த மாநிலச் சட்டமன்றம் வெளியேற்றியிருந்தது. அவர்களுக்காக வாதாடும்போதே, எம் மக்களுக்குப் பழைய எசமானர்கள் மீது வஞ்சமோ வெறுப்போ இல்லை என்றார். எதிர்த்துப் போரிட்டவர்கள் நாட்டுக்கு உண்மையானவர்களாக மாறிவிட்டதாகக் காட்டும் வேகத்தில் அவர்கள் மீதுள்ள தடைகளையும் நீக்கிவிடலாம் என்றார். அதற்காக அவரை வளைந்து கொடுப்பவர் என்றும் சொல்லிவிட முடியாது. பால்டிமோர்க் கறுப்பினத் தொழிலாளர்களைக் கப்பல்தளத்தில் வேலைக்குச் சேர்க்க மறுத்தபோது போராடி வென்றார். தலைநகரின் பள்ளிகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரிப்பதை 1871இல் எதிர்த்துப் பேசினார். கடிதம் எழுதிய அடுத்த ஆண்டே, திருச்சபையின் ஆண்டு மாநாடுகளை நிறவாரியாகப் பிரிக்க வேண்டாம் என்று, தாம் ஆசிரியராயிருந்த மெதடிஸ்டுப் பத்திரிகையில் எழுதினார். கட்சிக்காரர்கள் மீது அவர் சொன்ன குற்றச்சாட்டும் முழுப்பொய் அல்ல. அந்த அரசில் ஊழல் இருக்கத்தான் செய்தது. பொய்யாகிப்போனது ஒரே ஒரு வாக்கியம்தான்: பகை துடைத்தழிக்கப்பட்டுவிட்டது என்பது.

விரைவும் தெளிவும்

இலக்கணம் கற்பித்தே காலம் கழித்தவன் என்பதால் என் மனம் அந்த வாக்கியத்தின் வினைமுற்றிலேயே போய் நின்றது. 'பகை ஒழிக' என்பது வியங்கோள். போதகர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வது அது. சொல்ல வேண்டியதும் அது. 'பகை ஒழிந்தது' என்பது இறந்தகாலம். அது சாட்சி சொல்பவனின் மொழி. ரெவெல்ஸ் முப்பது ஆண்டுகள் வியங்கோளிலேயே பேசியவர், அன்றைக்கு இறந்தகாலத்தில் எழுதினார். நம் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வாசலில் இருந்து கூப்பிட்டால் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான்; பிழைதான், ஆனால் விரைவினாலும் மிகுதியினாலும் தெளிவினாலும் இயல்பினாலும் காலம் மயங்கி வரலாம் என்று நன்னூல் அதை அமைத்துக்கொள்கிறது. கால வழுவமைதி. ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்பில் நான் நடத்திய பாடம். அந்தக் கடிதத்தில் இருப்பது விரைவா, தெளிவா என்பதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். பிரசங்கபீடத்தின் நம்பிக்கை முற்றி, நடக்கப்போவதை நடந்ததாகவே கண்டாரா? அல்லது கல்லூரியின் கூரையும் பையன்களின் சோறும் கண்முன் வந்து அவசரப்படுத்தினவா? 'இதோ வந்துவிட்டேன்' என்பவன் பெரும்பாலும் எழுந்து வந்துவிடுகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் பகை எழுந்து போகவில்லை. 1890இல் புதிய அரசியல் சட்டம் எழுதி, தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்து, கறுப்பினத்தவரின் வாக்குகளை அநேகமாக முழுமையாகவே பறித்துக்கொண்டார்கள்.

இதை நான் நீதிபதியின் இடத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், தென்மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் பற்றியெரிந்த நாட்களில், எங்கள் பள்ளியிலும் பையன்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒருநாள் அடிதடி. பதினொன்றாம் வகுப்பில் ஒருவன், தளை தட்டாமல் வெண்பா எழுதக்கூடிய பையன், தலையில் மூன்று தையல்களோடு வீட்டில் இருந்தான். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு ஆசிரியர் பணியிடங்களுக்கு ஒப்புதல் கோரும் கோப்பும் அதே மேசையில் கிடந்தது. தலைமையாசிரியர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, "சார், பதிலை நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது பாருங்க" என்றார். கெட்டவர் அல்லர் அவர்; அந்த வாரம் முழுக்க இரவில் விடுதியிலேயே படுத்திருந்தார். நான் எழுதினேன். "மாணவரிடையே சாதி வேற்றுமை உணர்வு ஏதும் இல்லை, சிறுவர்களுக்குள் நேர்ந்த சிறு பூசல் அன்றே தீர்க்கப்பட்டுப் பள்ளியில் முழு அமைதி நிலவுகிறது." ஆசிரியர்கள் அனைவரும் கையொப்பமிட்டோம். 'நிலவுகிறது' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு அன்று ஒரு திருப்திகூட இருந்தது.

அந்த வாரத்திலேயே அந்தப் பையனின் தகப்பனார் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் அறையின் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன், வரவில்லை. எழுத்தர் நீட்டிய சான்றிதழில் 'பள்ளியை விட்டு விலகும் காரணம்' என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்ன போட்டிருக்குங்கய்யா?" என்று என்னைக் கேட்டார். படித்துச் சொன்னேன். "சரிங்கய்யா" என்றார். ஒப்புதல் கோப்பு அந்த ஆண்டு இறுதிக்குள் கையெழுத்தாகி வந்தது. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்தார்கள், நல்ல ஆசிரியர்கள், பல நூறு பிள்ளைகளைத் தேற்றிவிட்டார்கள். இதையும் நான் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை, சேர்த்தால் கணக்கு நேராகவும் இல்லை.

ஆபர்டீன் வரை

மீண்டும் கல்லூரிக்கு வந்த ரெவெல்ஸுக்குக் கிடைத்தது பழைய கல்லூரி அல்ல. பத்தாண்டுகளுக்கு என்று வாக்களித்த பணத்தைப் புதியவர்கள் வெட்டிவிட்டிருந்தார்கள். 1878இல் அதன் பெயரை வேளாண்மை, இயந்திரக் கல்லூரி என்று மாற்றினார்கள். பல்கலைக்கழகம் என்ற சொல் போயிற்று. உடல்நலம் குன்றி 1882இல் அவர் விலகினார். அவர் காலத்தில் அங்கே படித்த மாணவருள் ஹோரஸ் கேட்டன் என்பவர் ஒருவர். பின்னாளில் தொலைவான சியாட்டில் நகரில் பத்திரிகை நடத்தினார், ரெவெல்ஸின் மகள் சூசியை மணந்தார், அவரும் அந்தப் பத்திரிகையில் எழுதினார். கடிதம் எழுதாதிருந்தால் இவர்கள் சந்தித்திருப்பார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு போகலாம். அது வீண் வேலை. கல்லூரி இன்றும் பல்கலைக்கழகமாக அங்கே இருக்கிறது. பழைய ஓக்லாண்ட் தேவாலயத்தின் முகப்பில் உள்ள வார்ப்பிரும்புப் படிக்கட்டு, பக்கத்தில் 1890இல் எரிந்துபோன விண்ட்சர் என்ற தோட்ட முதலாளி மாளிகையிலிருந்து கொண்டுவந்தது. அந்தப் படங்களைப் பேரன்தான் எனக்கு அனுப்பினான்.

பிறகு ரெவெல்ஸ் ஹாலி ஸ்பிரிங்ஸில் இருந்துகொண்டு, பின்னாளில் ரஸ்ட் கல்லூரி என்று பெயர் பெற்ற நிறுவனத்தில் இறையியல் கற்பித்தார். சபை வேலைகளைப் பார்த்தார். மெதடிஸ்டுப் போதகர்களுக்கு ஆண்டு மாநாடு என்பது நமக்குப் பொது மாறுதல் கலந்தாய்வு மாதிரி. யார் எந்த ஊருக்கு என்று அங்கேதான் பேராயர் வாசிப்பார். 1901 ஜனவரி 16ஆம் தேதி, ஆபர்டீன் என்ற ஊரில் அப்படியொரு மாநாட்டுக்குப் போயிருந்த இடத்தில் இறந்தார். எழுபது கடந்த வயதிலும் மாநாட்டுக்குத் தவறாமல் போய் உட்கார்ந்த மனிதர். செனட்டில் அவருக்குப் பின் மிசிசிப்பியிலிருந்து பிளான்ச் புரூஸ் என்ற கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தார், அவருடைய பதவிக்காலம் 1881இல் முடிந்தது; அடுத்த கறுப்பினச் செனட்டரை அந்த அவை 1967இல்தான் பார்த்தது, அவரும் மாசசூசெட்ஸிலிருந்து வந்தவர்.

பேரனின் வரைபடத் தாளில் கடைசியாக ஒட்டாமல் நின்றது அந்தக் கடிதம்தான். அவன் ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சுருக்கி, மஞ்சள் அட்டையில் எழுதி வைத்திருந்தான். இடப்பக்கம் 'சாதனைகள்' என்றும் வலப்பக்கம் 'விமர்சனங்கள்' என்றும் தலைப்புப் போட்டிருந்தான். அவர்கள் ஆசிரியை அப்படித்தான் கேட்டிருந்தாராம். "தாத்தா, இதை எந்தப் பக்கம் ஒட்டணும்?" என்று அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் கேட்டான். தாளின் அடியில் ஆண்டுகளைக் குறித்து ஒரு கோடு இழுத்திருக்கிறாயே, அங்கே 1874க்கும் 1876க்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்றேன். இருந்தது. மாதத்தையும் தேதியையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அதற்குப் பக்கத்தில் தேர்தல் நடந்த தேதியையும். பசை காயும் வரை அட்டையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, தன் பேச்சுக்கு ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்று குறைபட்டுக்கொண்டிருந்தான்.